கண்ணாடிப் பெட்டிக்கு யார் குத்தகைதாரர்?

சந்திரனில் மனிதன் கால் வைத்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்த மறுவருடம், இந்த மாநிலம் பழைய பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத் தமிழ்நாடு என்று பெயர் சூடிக்கொண்ட மறுவருடம், லாட்டரிச் சீட்டு வாங்காதவன் பிழைக்கத் தெரியாதவன் என்று ஊரே நம்பிய வருடம், ஐ.ஆர். எட்டு என்னும் குட்டை நெல் வந்து எங்கள் நெட்டை நெல்லையெல்லாம் வரப்புக்கு வெளியே துரத்திய வருடம். ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கருக்கு மேல் நிலம் கூடாது என்று சட்டம் வந்து, ஒற்றை ஆளாக இருந்த மிராசுதார்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் பெரிய பெரிய குடும்பங்கள் முளைத்த வருடம்! அந்த வருடத்திலிருந்து இன்று வரை, இப்படி ஒரு மேடை கிடைக்காதா என்று காத்துக் கிடந்த என் கையில், என்ன பேசுவான் என்று விசாரிக்காமலேயே மைக்கைக் கொடுத்துவிட்ட பெருந்தன்மை மிக்க தலைவர் அவர்களே!

தலைவருக்கு வலப்புறம் மாலையின் பாரம் தாங்காமல் வீற்றிருக்கும் மாவட்டப் பெருமக்களே! இடப்புறம், இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களே! ஆன்றோர்களே, சான்றோர்களே, ஆன்றோரும் சான்றோரும் வராததால் அவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே! வெயிலில் நிற்கும் தாய்மார்களே, முன்வரிசையில் இடம் இருக்கிறது, ஆனால் அது வராதவர்களுக்காக ஒதுக்கப்பட்டது, நீங்கள் வந்துவிட்டதால் உங்களுக்கு உரிமை இல்லை! எதிரே, புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் அமர்ந்திருக்கும் தொழில் பழகுநர் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும், வலங்கைமான் மண்ணில் வளைந்த இந்த முதுகின் வணக்கம்!

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்திருக்கிறார்கள். ஏன் அழைத்தார்கள்? நான் படித்தவனா? கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவன். பதவியில் இருந்தவனா? பண்ணையில் இருந்தவன். இந்த ஆஸ்பத்திரிக்கு வேறு யாரையும்விட அதிகமாக வந்துபோன நோயாளி என்ற ஒரே தகுதிதான். கைதட்டுகிறீர்களா? நன்றி. என் மூட்டுவலிக்கு இங்கே கிடைத்த முதல் மருந்து அதுதான்.

இன்று தொடங்கும் திட்டம் என்ன? ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கவும் பராமரிக்கவும் நம் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே தொழில் பழக்கும் திட்டம். அடடா, என்ன அருமையான திட்டம்! இதுவரை என்ன நடந்தது? எக்ஸ்ரே மெஷின் படுத்தால் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். ஆள் வரும்வரை மெஷினும் படுத்திருக்கும், நோயாளியும் படுத்திருப்பான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் அந்தச் சமத்துவம் உலகில் வேறெங்கே உண்டு?

வாழ்க திட்டம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் நேற்று, வாசல் டீக்கடையில், இதோ முன்னால் அமர்ந்திருக்கும் விண்ணரசி என்ற பெண், பழகுநரில் ஒருத்தி, அந்தத் திட்டத் தாளை எனக்குப் படித்துக் காட்டினாள்.

"தாத்தா, மூணு மாசத்துக்கு ஒரு பிரிவுன்னு போட்டிருக்கு. மெஷின் மூடியைப் பழகுநர் தொறக்கக் கூடாதாம். பக்கத்துல நின்னு பாக்கலாமாம்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு அடுத்த பிரிவுக்குப் போயிடணும் தாத்தா. அங்க போயும் பாக்கணும்."

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? இந்த மேடைக்கு நேர் மேலே, மாடியில், என் பேத்தி மாதம் நிறையாமல் பெற்ற பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. அங்கே இருப்பது மூன்று பெட்டி. இரண்டின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறது. கம்பெனி ஆள் வரும்வரை அவை துக்கம் அனுஷ்டிக்கின்றன. மூன்றாவது பெட்டி நேற்று மத்தியானம் கூவியது, நின்றது, நர்ஸ் ஒரு தட்டுத் தட்டியதும் மறுபடி நடந்தது. இங்கே வாழ்த்துரை, அங்கே அந்தக் கூவல். என் காது இரண்டும் இரண்டு இடத்தில் இருக்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு பிரிவு! மூடியைத் தொடாதே! இந்த வாசகத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேனே! இதைக் கண்டுபிடித்தவர் சென்னையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி என்று நினைக்கிறீர்களா? இல்லை. அந்தப் பெருமை எங்கள் பண்ணைக் காரியஸ்தர் தம்புசாமிக்கு உரியது. அவர் புகழை யாராவது ஒருவர் பாட வேண்டாமா? நான் பாடுகிறேன்.

முதலில் சொன்ன அந்த வருடம். கனகசபைப் பண்ணையாருக்கு நிலம் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. எங்களுக்குத் தெரியும், நடந்து பார்த்தவர்கள் நாங்கள்தானே! மகன் பெயருக்கு எழுதினார், மருமகன் பெயருக்கு எழுதினார், மாட்டுக்காரன் பெயருக்கு, அவனுக்கே தெரியாமல் எழுதினார். எழுதியும் நிலம் மிச்சம். வக்கீல் சொன்னார், தர்மத்துக்கு எழுதினால் சட்டம் தொடாது என்று. அன்று மாலையே ஐயா நெஞ்சில் தர்மம் பெருக்கெடுத்தது! மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர்கூட எங்கள் வாய்க்காலுக்கு அவ்வளவு வேகமாக வந்ததில்லை!

எழுந்தது தர்ம ஆஸ்பத்திரி, வெண்ணாற்றங்கரையில். வந்தன மெஷின்கள், மெட்ராஸிலிருந்து லாரியில், வைக்கோலில் பொதிந்து. எக்ஸ்ரே வந்தது, பாய்லர் வந்தது, மாதம் நிறையாத பிள்ளையைச் சூட்டில் வைக்கும் கண்ணாடிப் பெட்டியும் வந்தது. கல்விப் பணியும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் நிலம் தப்பும் என்று வக்கீல் மறுபடி சொன்னார். உடனே வாசலில் ஒரு தகரப் பலகை ஏறியது. மருத்துவ இயந்திரப் பயிற்சி நிலையம் என்று எழுதியிருந்ததாம். எனக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்தில் டாக்டர் குழாய் ஒன்றைப் பச்சை வண்ணத்தில் வரைந்திருந்தார்கள், பாம்பு மாதிரி. அது தெரியும்.

பயிற்சிக்கு இரண்டு பேர். மாதாகோவில் தெரு தச்சர் மகன் இருதயசாமி ஒருவன். கூத்தாநல்லூர் பக்கத்திலிருந்து வந்த ஜவுளிக்காரர் மகன் மூஸா ஒருவன். இரண்டும் துறுதுறுப்பான பிள்ளைகள். குறுவைப் போகத்தில் இருதயசாமியைக் கண்ணாடிப் பெட்டிக்கு விட்டார்கள். அவன் அதன் மூடியைத் திறந்தான், முதுகைக் கழற்றினான், சூடு எங்கே பிறக்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தான். குறுவை அறுப்பு முடிந்தது. முடிந்த அன்றே அவனை எக்ஸ்ரேவுக்கு மாற்றிவிட்டு, பாய்லரில் இருந்த மூஸாவைப் பெட்டிக்குக் கொண்டுவந்தார் தம்புசாமி.

அங்கே டாக்டராக இருந்தது பிரகதாம்பாள் அம்மா. அவர் கேட்டதை வராந்தாவில் நின்று நானே கேட்டேன்.

"ஏங்க தம்புசாமி, அந்தப் பையன் இப்பத்தான் பெட்டியைப் புரிஞ்சுக்கிட்டான். அவனை எதுக்கு மாத்துனீங்க?"

"டாக்டரம்மா, உங்களுக்கு வைத்தியம் தெரியும். எனக்குக் குத்தகை தெரியும். ஒருத்தன் தொடர்ச்சியா ரெண்டு போகம் ஒரே பெட்டியத் தொட்டான்னு வைங்க. மூணாம் போகம் தாசில்தார் முன்னாடி நின்னு, இது என் சாகுபடி, பேரைப் பதிவு பண்ணுங்கன்னுவான்."

"பெட்டியில என்னங்க சாகுபடி?"

"ஏன், புள்ள வெளையலையா?"

சிரிக்கிறீர்கள். நாங்கள் அன்று சிரிக்கவில்லை. அப்போதுதான் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்திருந்தது. சாகுபடி செய்கிறவன் பெயர் தாலுகா ஆபீசில் ஏறிவிட்டால் அவனை வெளியேற்ற முடியாது. அதனால் மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? குறுவைக்கு ஒரு வயல், சம்பாவுக்கு வேறு வயல் என்று குத்தகைக்காரனை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கால் ஊன்றக் கூடாது, கை பழகக் கூடாது, பெயர் ஏறக் கூடாது! வயலுக்குச் செய்த அதே வேலையை மெஷினுக்கும் செய்தார் தம்புசாமி. பாவம், கெட்ட எண்ணமே கிடையாது. அவருக்குத் தெரிந்த ஒரே நிர்வாகம் அது. மெஷினின் முதுகுக்கெல்லாம் பூட்டுப் போட்டார். பெட்டிச் சாவியும் பண்ணைப் பத்தாயத்துச் சாவியும் அவர் இடுப்பில் ஒரே கொத்தில் தொங்கின.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எக்ஸ்ரேவுக்குச் சந்தனம், பாய்லருக்குக் குங்குமம், கண்ணாடிப் பெட்டிக்கு மல்லிகைச் சரம். அதோடு நின்றார்களா? பெட்டியின் தலையில் இலை போட்டு, பொரி, கடலை, வெல்லம் வைத்துப் படைத்தார் தம்புசாமி. ஈரக் கையோடு உடைத்த அச்சுவெல்லம். உதிர்ந்தது எங்கே போயிற்று என்று யார் பார்த்தார்கள்? சூடம் காட்டினோம், கன்னத்தில் போட்டுக்கொண்டோம், கலைந்தோம்.

ஐப்பசி அடைமழை பிடித்தது. என் மனைவி அமிர்தம், பண்ணையில் நடவுக் கொத்துக்கு, அதாவது நடவு நடும் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி, நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டு இருந்தவளுக்கு, நாள் இருக்கையிலேயே வலி எடுத்தது. தோளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிறந்தது பெண். என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குப் படுக்கை. டாக்டரம்மா அதை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். வைத்துக் கொஞ்ச நேரத்தில் பெட்டி குளிர்ந்துவிட்டது.

மூஸா கைகளைப் பிசைந்தான். "அம்மா, சத்தியமா எனக்கு எதுவும் தெரியாதும்மா. போன மாசம் வரைக்கும் நான் பாய்லர்ல இருந்தேன், இங்க வந்ததுலேருந்து முதுகு பூட்டியே கெடக்கு. இருதயத்தைக் கூப்பிடுங்க, அவனுக்குத் தெரியும்."

இருதயசாமி ஓடி வந்தான். வாசலில் தம்புசாமி, இடுப்பில் சாவி.

"எங்கடா வர்ற? ஒன் போகம் முடிஞ்சு போச்சு. ஒனக்கு எக்ஸ்ரே."

"ஐயா, மழைக்கு எறும்பு ஏறியிருக்கும். முதுகைத் தொறந்தாப் போதும். சாவியக் குடுங்க."

"குடுக்கிறேன். இந்தப் பெட்டியில எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லேன்னு முத்திரைத் தாள்ல எழுதி, கர்ணம் முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போ."

முத்திரைத் தாள் வலங்கைமானில். கர்ணம் வீடு வாய்க்காலுக்கு அக்கரையில். வாய்க்கால் கரையை மீறி ஓடுகிறது. பெட்டிக்குள் என் மகள் நீலம் பாய்ந்து கிடக்கிறாள். டாக்டரம்மா வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "யோவ், சாவியைக் குடுய்யா!" என்று கத்துகிறார். நல்லவேளை, அந்தச் சமயம் எங்களைக் காப்பாற்ற விவசாயச் சங்கத்துத் தோழர் குழந்தைராஜ் குடையோடு வந்து சேர்ந்தார் என்று நினைத்தோம்.

தோழர் விஷயத்தைக் கேட்டார். முகம் சிவந்தது. கை உயர்ந்தது. "இருதயசாமி! எதிலயும் கையெழுத்துப் போடாத! இன்னிக்கிப் பெட்டியில பாத்தியதை இல்லேன்னு எழுதினா, நாளைக்கி வயல்லயும் இல்லேன்னு எழுதச் சொல்வான். இது கொள்கைப் பிரச்சினை!"

"அப்ப இவன் உரிமை கேக்குறானா? பாத்தீங்களா டாக்டரம்மா, நான் சொன்னேன்ல!" என்கிறார் காரியஸ்தர்.

"கேப்பான்! உழுதவனுக்கு நிலம்னா தொட்டவனுக்குப் பெட்டி!" என்கிறார் தோழர்.

ஒரு பக்கம் எழுதாமல் விடமாட்டேன், மறு பக்கம் எழுத விடமாட்டேன். என்ன உறுதி! என்ன வீரம்! சோழ நாட்டின் இரு பெரும் சக்திகள், ஒரு சாவித் துவாரத்தின் முன்னே சரித்திரம் படைத்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் அந்தப் பையன், "எனக்கு எதுவுமே வேணாங்க, கதவத் தொறங்க, கதவத் தொறங்க" என்று கும்பிடுகிறான். அவன் பேச்சை யார் கேட்டார்கள்? அவனுடைய உரிமையைப் பற்றித்தானே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்!

தலைவர் ஏதோ சீட்டு அனுப்பியிருக்கிறார். நன்றி ஐயா. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. பாராட்டாகத்தான் இருக்கும் என்று மடியில் வைத்துக்கொள்கிறேன்.

அப்போது, பிள்ளை பெற்ற உடம்போடு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள் அமிர்தம். கொத்துப் பெண்கள் எல்லாம் சேற்றுக் காலோடு வராந்தாவில் நின்றிருந்தார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. காரியஸ்தரைப் பார்த்துக் கேட்டாள்.

"காரியஸ்தரய்யா, தொட்டா சொந்தமாயிடுமா? வயசுக்கு வந்ததுலேருந்து ஒங்க வயல்ல நான் நடாத மூலை இல்ல. தொட்டது சொந்தம்னா, வலங்கைமான்லேருந்து மன்னார்குடி வரைக்கும் பாதி பூமி என்னுதுல்ல? நான் எப்பவாச்சும் கேட்டனா?"

கொத்துப் பெண்கள் சிரித்தார்கள். காரியஸ்தர் வாய் திறப்பதற்குள் தோழர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சும்மா இருங்க தோழரே. எம்புள்ள செத்தப்பறம் கொடி புடிக்க வாங்க."

மறுபடி காரியஸ்தரிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நாத்து பறிச்சு முடி முடியா தண்ணியில கெடக்கு. நாளைக்கி நடலைன்னா அழுவிப் போயிடும். எங் கொத்துல ஒரு பொம்பளை எறங்க மாட்டா. ஒங்களுக்குச் சாவி பெருசா, சம்பா பெருசா? சொல்லுங்க."

பண்ணையாரிடம் போய், சம்பா நடவு நின்றது என்று சொல்கிற காட்சி தம்புசாமியின் கண்ணில் ஓடியது, நான் பார்த்தேன். தர்மம் அசைக்காத இடுப்பைச் சம்பா அசைத்தது. சாவிக்கொத்து தரையில் விழுந்தது.

இருதயசாமி பெட்டியின் முதுகைத் திறந்தான். சூட்டை ஏற்றி இறக்கும் இரண்டு சிறு உலோக முனைகள், அவை தொட்டால் கரண்டு, விலகினால் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவே நசுங்கிய எறும்பு, மேலே இன்னும் எறும்பு, வெல்லப் பொடியைத் தேடி வந்த படை. ஊதினான், துணியால் துடைத்தான், மூடினான். விளக்கு எரிந்தது. கண்ணாடியில் மெல்ல ஆவி படர்ந்தது. என் மகள் அழுதாள். அதைவிடச் சிறந்த வாழ்த்துரையை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

இருதயசாமிக்கு என்ன பரிசு கிடைத்தது? சால்வையா? மறுநாள் காலை அவனை அனுப்பிவிட்டார்கள். அடுத்தவன் போகத்தில் அத்துமீறி நுழைந்தான் என்று குற்றம்! எங்கள் கொத்து நடவுக்கு இறங்காமல் நின்றிருக்கலாமே என்று கேட்கிறீர்களா, அந்தக் கடைசி வரிசைத் தம்பி? சரியான கேள்வி. பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில், நடவு முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சேதியே தெரியும். அவர்களுக்கு நேரம் பார்க்கத் தெரியும், தம்பி.

கொஞ்ச காலத்தில் மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்தது, நிலம் தப்பியது. நிலம் தப்பியதும் பயிற்சி நிலையம் எதற்கு? பலகையைக் கழற்றினார்கள். அடுத்த கோடையில் பண்ணை பம்புசெட்டுக் கொட்டகைக்குக் கூரையாகக் கிடந்ததைப் பார்த்தேன். பச்சைப் பாம்பு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருதயசாமி மன்னார்குடியில் ஆயில் இஞ்சின் பழுது பார்த்தே காலத்தை ஓட்டினான். மூஸா வளைகுடாவுக்குப் போனான். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், போய்ச் சேர்ந்த முதல் வாரமே, இது போன்ற பெட்டி ஒன்றின் முதுகைத் திறந்து அவன் முன்னால் வைத்து, கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தார்களாம். ஊருக்கு வந்தபோது என்னிடம் சொன்னான்: "அண்ணே, அங்க யாரும் என்னை எங்கயும் மாத்தல. கத்துக்கிற வரைக்கும் ஒரே பெட்டி." எந்த ஊர்ப் பிள்ளைகளையோ எங்கள் ஊர்க் கை காப்பாற்றியது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கை கிடைக்காதபடி நாம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம்!

பெரியோர்களே! மிராசு போயிற்று என்றீர்கள், நம்பினேன். பண்ணை ஒழிந்தது என்றீர்கள், கைதட்டினேன். பிறகு இது என்ன? மூன்று மாதத்துக்கு ஒரு பிரிவு! பழக வேண்டும், ஆனால் பழக்கம் வந்துவிடக் கூடாது! கற்க வேண்டும், ஆனால் கை படக் கூடாது! கேட்டால் வாரண்டி என்கிறார்கள். கம்பெனி ஆளைத் தவிர வேறு யார் தொட்டாலும் வாரண்டி போய்விடுமாம். தம்புசாமி சாகவில்லை ஐயா, கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்! நாளைக்கு நிரந்தர வேலை கேட்பார்களோ என்ற பயம் வேறு. கேட்டால்தான் என்ன? மாடியில் துணி போர்த்திக் கிடக்கும் பெட்டிகளுக்கு ஒரு ஆள் தேவையில்லையா? அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்கக் கூடாதா? அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறினால் காவிரி வற்றிவிடுமா?

கண்காணிப்பாளர் அம்மா, உங்களைக் குறை சொல்லவில்லை. பிரகதாம்பாள் அம்மாவுக்கும் அன்று சாவி கையில் இல்லை. ஆனால் அவர் கத்தினார். நீங்களும் கொஞ்சம் கத்துங்கள்.

தலைவர் அவர்களே, தட்டில் உங்களுக்காக ஒரு கத்திரிக்கோல் பளபளக்கிறது, ரிப்பன் வெட்ட. வெட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால், ஒரே ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, இந்த விண்ணரசி கையில் கொடுத்து, மாடியில் இருக்கும் முதல் பெட்டியின் துணியை விலக்கி, முதுகைத் திற என்று இந்த மைக்கில் சொல்லுங்கள். கம்பெனி ஆள் வரும்போது பக்கத்தில் அவள் நின்று பார்க்க வேண்டாம், அவள் செய்யட்டும், அவன் நின்று பார்க்கட்டும்! கற்று முடிக்கும்வரை அவளை அந்தப் பெட்டியிலிருந்து மாற்றாதீர்கள். சொல்வீர்களா? தலையை ஆட்டுகிறீர்கள். ஆமாம் என்றா, முடி என்றா? தாய்மார்களே, தலைவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார், நீங்கள் எல்லோரும் சாட்சி, பலமாகக் கைதட்டுங்கள்!

ஏனென்றால் எனக்கு வேறு சாட்சி இல்லை. கனகசபைப் பண்ணையார் போய்விட்டார், நிலத்தைக் கூடவே எடுத்துப்போக முடியாத வருத்தத்தோடு. தம்புசாமி போனார். தோழர் குழந்தைராஜ், பிற்காலத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் குடையைத் தாழ்த்திக்கொள்வார், அவரும் போனார். டாக்டரம்மா கும்பகோணத்தில் கண்ணை மூடினார். மூஸா கூத்தாநல்லூர் மண்ணில் இருக்கிறான். இருதயசாமி மாதாகோவில் கல்லறையில் இருக்கிறான், நகத்தில் இஞ்சின் எண்ணெய் போகவே இல்லை. என் அமிர்தம், போன தைக்கு முந்திய தையில் போனாள். நான் இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், இந்த மூட்டுகளோடு இருப்பதைக் கணக்கில் சேர்க்க முடியாது. இவ்வளவு நேரம் பொறுத்த அவைக்கும், மைக்கை அணைக்காமல் விட்ட தம்பிக்கும், மடியில் இருக்கும் அந்தச் சீட்டுக்கும் என் நன்றி.

அன்று அந்த வராந்தாவிலும் பெட்டிக்குள்ளும் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் ஒருத்திதான். அவளை இந்தக் கூட்டத்தில் தேடாதீர்கள். மாடியில், துணி போர்த்திய இரண்டு பெட்டிகளைத் தாண்டி, கூவிக் கூவி நடக்கும் அந்த மூன்றாவது பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே கிடக்கும் தன் பேரனைப் பார்த்தபடி நிற்கிறாள். என் கடைசி வணக்கம் அவளுக்கு. பெயர் மங்களாம்பிகை.